அக்கா வீட்டு லைன்

பதில் சொல்வதில் அக்காவை யாரும் முந்த முடியாது. கேட்கிறவர் வாயை மூடுவதற்குள் பாதி பதில் வந்துவிடும். சின்ன வயதில் வீட்டுக்கு வருகிறவர்கள் தங்கையைப் பார்த்து என்ன வகுப்பு என்று கேட்டால், ஆறாவது, பி செக்‌ஷன், கணக்கில் தொண்ணூறு என்று அக்காவிடமிருந்து பதில் வரும். தங்கைக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. பேச வேண்டிய இடத்திலெல்லாம் அக்கா பேசிவிட்டதால் அவள் கூச்சக்காரியாகவே வளர்ந்தாள். யாராவது கேட்டால், அந்தப் பழியையும் அக்காவே ஏற்றுக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள்.

வேலையும் ஆளுக்கேற்ற மாதிரிதான் அமைந்தது. அக்கா பத்து வருடம் கால்பந்து ஆடினாள். முட்டி போனபிறகு மைக்கைப் பிடித்துக்கொண்டாள், வானொலியில் லீக் ஆட்டங்களுக்கு வர்ணனை. தங்கை பௌதிகம் படித்துவிட்டு அதே நிலையத்தில் ஒலிப் பிரிவில் சேர்ந்தாள். பேசுகிறவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசாமல் சம்பளம் வாங்கலாம்.

அக்காவோடு சேர்ந்து வர்ணனை செய்கிறவர் பழைய நடுவர். அதனால் எல்லோருக்கும் அவர் விசில் சார். பந்து ஓட ஓட ஆட்டத்தைச் சொல்வது அவர் வேலை. பந்து நின்றதும், அது ஏன் அங்கே போனது, யார் இடத்தை விட்டு நகர்ந்தார் என்று விளக்குவது அக்காவின் வேலை. விசில் சார் மூச்சு விடுகிற இடம் அக்காவுக்குத் தெரியும், சரியாக அங்கே நுழைவாள். அவர் ஒரு நக்கல் அடிப்பார், அவள் திருப்பி ஒன்று போடுவாள். ஆட்டம் படுமோசமாக இருந்தாலும் இவர்கள் இரண்டு பேருக்காகக் கேட்கிறோம் என்று நேயர்கள் எழுதுவார்கள்.

போன வருடம் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டில் அதற்கு மகாராணி என்று பெயர். அது தூங்குகிற நேரத்தில் மிக்ஸி ஓடக்கூடாது, அது விழித்திருக்கும்போது வேறு யாரும் தூங்கக்கூடாது. லீக் தொடங்க ஐந்து வாரம் இருந்தது. ஊர் ஊராக மைதானத்துக்குப் போக முடியாது என்று ஆகிவிட்டதால், இந்த ஒரு சீசனுக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்று மேலாளர் கூட்டத்தில் சொன்னார். அப்போதுதான் தங்கை வாயைத் திறந்தாள். நிலையத்தில் சேர்ந்த மூன்று வருடத்தில் அவள் கூட்டத்தில் பேசியது அதுதான் முதல் தடவை.

"அக்கா வீட்லேர்ந்தே பேசலாம் சார். பெட்டி ஒண்ணு சும்மாதான் இருக்கு."

மைதானங்களுக்கு எடுத்துப்போக அந்த வருடம்தான் அந்தப் பெட்டிகள் வந்திருந்தன. ஒரு தடித்த அகராதி அளவு இருக்கும். மைக்கையும் ஹெட்போனையும் செருகி, இணைய வயரைச் சொருகினால் போதும். எங்கிருந்து பேசினாலும் பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல நிலையத்தில் கேட்கும். விசில் சார் வழக்கம்போல மைதானத்தில் இருப்பார். மைதானத்துக் கேமரா காட்டுவதை அக்கா வீட்டில் திரையில் பார்ப்பாள். இரண்டு குரலும் நிலையத்தில் தங்கையின் மேசைக்கு வந்து சேர்ந்து காற்றில் போகும். மேலாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பேசத் தெரிந்த பெண் என்பதே அவருக்குப் புதிய தகவலாக இருந்திருக்கும். பிறகு, சரி, உன் பொறுப்பு என்றார்.

அக்கா வீட்டில் துணிகள் வைக்கும் சின்ன அறையை ஒழித்தார்கள். எதிரொலி வராமல் இருக்கச் சுவரில் இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டார்கள். இஸ்திரி மேசைமேல் பெட்டி, அதற்குப் பின்னால் திரை. ஆட்ட நேரத்தில் அத்தான் மகாராணியைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விட வேண்டும் என்று ஏற்பாடு. மழை வந்தால் என்ன செய்வது என்று அத்தான் கேட்டார். குடை இருக்கு என்றாள் அக்கா.

தங்கை மடிக்கணினியைத் தரையில் வைத்து, அங்கிருந்தே, குரலை வாங்கிக்கொள்ளும் நிலையத்துப் பெட்டியின் அமைப்புகளைத் திறந்தாள். "அக்கா வீடு" என்று ஒரு பெயர் கொடுத்துச் சேமித்தாள். அக்கா ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணினாள். எட்டும் பதின்மூன்றும் துண்டு துண்டாக உடைந்து வந்தன.

அதற்கு ஒரு வழி உண்டு. குரல் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் இணையத்தில் போகிறது. எல்லாத் துண்டும் ஒரே வேகத்தில் வந்து சேராது. அதனால் வந்த துண்டுகளை நிலையத்துப் பெட்டி கொஞ்ச நேரம் பிடித்து வைத்து, வரிசைப்படுத்தி, பிறகு வெளியே விடும். அந்தப் பிடித்து வைக்கும் நேரம்தான் பஃபர். அதைக் கூட்டினால் குரல் உடையாது, ஆனால் தாமதமாக வரும். வழக்கமாக இருநூறு மில்லி செகண்ட் போதும். கண் இமைக்கிற நேரம், யாருக்கும் தெரியாது. கோளாறு லைனில்தானா என்று பார்ப்பதற்காகத் தங்கை அதை ஆயிரத்து ஐந்நூறுக்கு ஏற்றினாள். உடைசல் நின்றுவிட்டது. லைன்தான் கோளாறு என்று தெரிந்தது.

மறுநாள் இணையக் கம்பெனி ஆள் வந்து தெருவிலிருந்து புது வயர் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். தங்கை திரும்பவும் போய்ச் சோதித்தாள். அக்கா எண்ணினாள், ஒன்றுகூட உடையவில்லை. பஃபர் எண்ணைத் திரும்பக் குறைக்க வேண்டும் என்று அவள் மடிக்கணினியைத் திறந்தபோது மகாராணி கத்தியது. அக்கா பாலைக் காய்ச்சப் போக, குழந்தையை இவள் தூக்கிக்கொண்டாள். அது இவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு கணினியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவ்வளவுதான் நடந்தது.

முதல் ஆட்டத்திலேயே ஏதோ சரியில்லை. விசில் சார் கேள்வி கேட்டார். பதில் வரவில்லை. வானொலியில் ஒரு வினாடி மௌனம் என்பதே பெரிய பள்ளம். அவர் அதை மூட அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினார். அதன் தலையில் அக்காவின் பதில் வந்து விழுந்தது. இரண்டு பேரும் நிறுத்தினார்கள். நீங்க சொல்லுங்க என்றார். இல்ல, நீங்க என்றாள். திரும்ப இரண்டு பேரும் ஒன்றாகத் தொடங்கினார்கள். வாசற்படியில் எதிரெதிரே வந்தவர்கள் வலது இடது என்று ஆடுகிற மாதிரி ஆயிற்று.

பழகினால் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். தங்கையும் நினைத்தாள். அவளுடைய திரையில் அக்கா வீட்டு லைன் பச்சையாக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் தொலைந்த துண்டுகள் எத்தனை என்று பெட்டி காட்டும். அக்கா வீட்டுக் கணக்கு எப்போதும் பூஜ்யம். மைதானத்து லைன்கூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. அந்தப் பூஜ்யத்தை அவள் மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். ஒன்றரை வினாடி பிடித்து வைத்தால் எந்தத் துண்டுதான் தொலையும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவள் பொத்தானை அழுத்தி அக்காவின் காதில், ரெடியா என்று கேட்பாள். கொஞ்சம் பொறுத்துத்தான் ரெடி என்று வரும். குழந்தை பக்கம் திரும்பியிருப்பாள் என்று இவளே ஒரு காரணம் சொல்லிக்கொள்வாள். அதே அக்கா போனில் பழைய அக்காவாகத்தான் இருந்தாள். இவள் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் சாப்பிட்டியா என்பாள். போனில் ஒரு வேகம், பெட்டியில் ஒரு வேகம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தங்கைக்குத் தோன்றவில்லை. நாலு வருடம் அவள் ஆய்வகத்தில் செய்தது அந்த ஒரு வேலையைத்தான்.

அக்கா சொன்னது வேறு மாதிரி இருந்தது. விசில் சார் தன்னைப் பேச விடுவதில்லை, வாயைத் திறந்தாலே வெட்டுகிறார் என்றாள். அவள் காதில் அப்படித்தான் கேட்டது. அவள் உடனே பதில் சொல்கிறாள். பாதியில் அவர் புகுந்துவிடுகிறார். தன் குரல் வானொலியில் எப்போது வருகிறது என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. நிலையத்திலிருந்து அவள் காதுக்குப் போகும் ஒலியில் அவள் குரல் மட்டும் இருக்காது. தன் குரலே தாமதமாகத் திரும்பி வந்தால் யாராலும் பேச முடியாது என்று அதைக் கழித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். விசில் சாரிடம் கேட்டால் அவர் கையை விரித்தார். நான் காத்துக்கிட்டுத்தான்மா இருக்கேன், உங்க அக்கா வாயத் திறக்கணுமே என்றார். அவர் சொன்னதும் உண்மை.

ஏழாவது ஆட்டத்தில் அது நடந்தது. விசில் சார் ஒரு நக்கல் அடித்தார். நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறதைப் பார்த்தால் வீட்டில் அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்திருக்கிறார் போல என்றார். சொல்லி வாயை மூடவில்லை, ஓர் ஆட்டக்காரர் மோதி விழுந்து எழுந்திருக்கவில்லை. அய்யோ, கால் மடங்கிருச்சு, வலியில துடிக்கிறார் என்று விசில் சார் பதறிய அந்த இடத்தில், அக்காவின் கலகலவென்ற சிரிப்பு ஊர் முழுக்கக் கேட்டது.

நேயர்கள் விடவில்லை. தொலைபேசி, கடிதம், மின்னஞ்சல். அடிபட்ட ஆட்டக்காரரின் அம்மா கூப்பிட்டு, உங்க வீட்ல பிள்ளைங்க இல்லையா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார். மேலாளர் தங்கையைக் கூப்பிட்டார். பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கமும் இருக்காது, நான் குறை சொல்லலை, ஆனா அவங்களுக்கே புரிய வெக்கணும், நீ தங்கச்சிதானே, பதிவை எடுத்துட்டுப் போய்க் கேக்க வை என்றார். அவள் தலையாட்டினாள். தலையாட்டுவது அவளுக்கு எப்போதும் எளிது.

ஒரு மத்தியானம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துப் பதிவை ஓடவிட்டாள். அக்கா முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நடுவர் அடுப்பு விஷயம் வந்தது.

"இந்த இடத்துல உடனே சிரிச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு," என்றாள் அக்கா.

"கேளுக்கா."

விழுந்த ஆள் துடித்தார். சிரிப்பு வந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரும்பப் போடச் சொன்னாள். நாலு தடவை கேட்டாள். பிறகு வேறு ஆட்டங்களைப் போடச் சொன்னாள். விசில் சார் கேட்கிறார், மௌனம், அவர் தொடங்குகிறார், அக்கா வந்து மோதுகிறாள். ஒரு இடத்தில்கூட அவர் வெட்டவில்லை.

"என் காதுல இப்படி இல்லடி," என்றாள். குரலில் அழுத்தம் இல்லை. "நீ என்ன நினைக்கிறே?"

"லேட்டாத்தான்க்கா வருது. தூக்கம் இல்லாததால இருக்கும்."

"லைன்ல எதுவும் இல்லையே?"

"லைன் சுத்தமா இருக்குக்கா. ஒரு துண்டுகூடத் தொலையல."

அக்கா ரொம்ப நேரம் இவள் முகத்தையே பார்த்தாள். பிறகு, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று எழுந்து போய்த் தொட்டியில் கிடந்த பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு ஆட்டங்களில் அவள் குறைவாகப் பேசினாள். ஆமாம், சரிதான், பார்க்கலாம் என்று ஒற்றை வார்த்தைகள். அவையும் இடம் தப்பித்தான் விழுந்தன. விசில் சார் அவளிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, அவளைப் பற்றி மரியாதையாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் தானே தொடர ஆரம்பித்தார். அரையிறுதிக்கு மறுநாள் அக்காவே மேலாளரைக் கூப்பிட்டு, இறுதி ஆட்டத்துக்குத் தன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தங்கைக்கு அதை மேலாளர் சொல்லித்தான் தெரியும். மானஸ்தி, நமக்கு வேலை வைக்கலை என்றார் மேலாளர்.

அக்கா இடத்துக்கு ஓய்வு பெற்ற ஒரு கோல்கீப்பரைக் கேட்டிருந்தார்கள். அவரும் தன் வீட்டிலிருந்தே பேசுவதாக ஏற்பாடு. இறுதி ஆட்டத்துக்கு ஆறு நாள் இருந்தது. புதிதாக எல்லாவற்றையும் பதிவதற்குப் பதிலாக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற அக்கா வீட்டு அமைப்பையே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றலாம் என்று தங்கை அதைத் திறந்தாள். ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாலாவது வரியில் ஆயிரத்து ஐந்நூறு என்று இருந்தது.

முதலில் அது என்னவென்றே அவளுக்குப் புரியவில்லை. பிறகு விரல் ஞாபகம் வந்தது, குழந்தை பிடித்துக்கொண்டு விடாத அந்த விரல். அவள் அந்த எண்ணை அழித்து இருநூறு என்று போட்டாள். சேமித்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, சேமித்திருக்கிறதா என்று மறுபடி பார்த்தாள்.

அன்று மாலையே சொல்லியிருக்கலாம். கோல்கீப்பரிடம் இன்னும் முடிவாகப் பேசியிருக்கவில்லை. நடையில் எதிரே வந்த மேலாளர் தானாகவே நின்று, உங்க அக்கா மனசு மாறினா வியாழன் வரைக்கும் நேரம் இருக்கு, நான் ஒண்ணும் எதிரி இல்லை என்று சொன்னார். தங்கையின் வாய் வரைக்கும் வந்தது. கூடவே மேலாளருக்குத் தான் காட்டிய பூஜ்யங்களும் ஞாபகத்துக்கு வந்தன. உன் பொறுப்பு என்று அவர் சொன்னதும், லைன் சுத்தம் என்று அக்காவிடம் தான் சொன்னதும் வந்தன. சரி சார் என்றாள். அவர் போய்விட்டார்.

வியாழன் வரை ஒவ்வொரு நாளும் அவள் தனக்கு ஒரு காரணம் வைத்திருந்தாள். அக்காவே வேண்டாம் என்றுதானே சொல்லிவிட்டாள். இப்போது சொன்னால் இன்னும் குழப்பம். இறுதி ஆட்டம் முடியட்டும், நிதானமாகச் சொல்லலாம். வெள்ளியன்று கோல்கீப்பரின் பெயரை அறிவித்தார்கள்.

இறுதி ஆட்டம் அற்புதமாகப் போனது. கோல்கீப்பருக்குப் பேச்சு அவ்வளவாக வராது, சொன்னதையே சொல்கிற ஆள். ஆனால் கேள்வி முடிந்ததும் பதில் வந்தது. விசில் சாருக்கு உயிர் திரும்பியது மாதிரி இருந்தது. ஆட்டம் முடிந்ததும் மேலாளர் கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, ஆள் மாறினதும் எப்படிப் போகுது பாத்தியா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

நாலு நாள் கழித்து அக்கா வீட்டுக்குப் போனாள். காலைப் பத்து மணி இருக்கும். அத்தான் வேலைக்குப் போய்விட்டார். சின்ன அறையில் கம்பளிகளைக் கழற்றித் துணிகளைத் திரும்ப அடுக்கியிருந்தார்கள். அக்கா மகாராணியைத் தூங்கவைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். மேசைமேல் ஒரு ஆஸ்பத்திரி உறை கிடந்தது. யாருக்கு என்று தங்கை கேட்டாள்.

அக்கா சிரித்தாள். காது டெஸ்ட் எடுத்தேன், ஒண்ணும் இல்லையாம், உன்னைவிட நல்லாக் கேக்குதாம் என்றாள். பிறகு சாதாரணமாக, யாரைப் பற்றியோ சொல்கிற மாதிரி சொன்னாள். காதில் கோளாறு இல்லையென்றால் புத்திதான் மெதுவாகிவிட்டது என்று வைத்துக்கொண்டாளாம். ஒரு மாதமாக ஸ்கூட்டரைத் தொடுவதில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு போகும்போது குறுக்கே யாராவது வந்தால், பிரேக் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று பயம். மகாராணியைக் குளிப்பாட்டும்போது அத்தான் பக்கத்தில் இருக்க வேண்டும். வழுக்கினால் தன் கை சரியான நேரத்துக்குப் போகும் என்று நிச்சயமில்லை.

"அக்கா, அது நீ இல்ல," என்றாள் தங்கை.

சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. பஃபர் எண்ணைக் கூட்டியது, வயர் மாற்றியது, குறைக்க மறந்தது, பிடித்து வைத்தது பெட்டிதான் என்பது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். தன் வாழ்நாளில் அவள் இடைவிடாமல் பேசியது அன்றைக்குத்தான். அக்கா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

"எவ்வளவு?" என்று கேட்டாள் கடைசியில்.

"ஒன்றரை செகண்ட்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, உதடு அசைய எதையோ அளந்து பார்த்தாள். பிறகு, "ஒரு சிரிப்புக்குப் போதும்," என்றாள். முகத்தில் கோபம் இல்லை. மூச்சு நிதானமாகிக்கொண்டு வந்ததைத் தங்கை பார்த்தாள். கனமான எதையோ இறக்கி வைத்தவள் மாதிரி தோள் தளர்ந்தது. மறதிதானே, யாருக்கு வரலை, வீடு அன்னிக்கு இருந்த இருப்பில எனக்கே என் பேரு மறந்து போச்சு என்றாள். அத்தோடு முடிந்துவிட்டது என்றுகூடத் தங்கை ஒரு கணம் நினைத்தாள்.

"எப்ப பாத்தே?"

இறுதி ஆட்டத்துக்கு அப்புறம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. பெட்டியில் அந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று எதுவும் பதிவாகாது. அதெல்லாம் தங்கைக்குத் தெரியும். எழுந்து போகலாமா என்றும் தோன்றியது.

"ஃபைனலுக்கு ஆறு நாள் முன்னாடி," என்றாள்.

அக்கா ஆஸ்பத்திரி உறையை எடுத்து ஓரத்தை நீவி, நீவி, திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

"அந்தப் பதிவ நீ போட்டுக் காட்டினப்போ, என் காதுல அப்படி இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும்டி. அதுக்கப்புறம்தான் உன்கிட்ட கேட்டேன். படிச்சவ நீ, லைன் சுத்தம்னு சொன்னே. என்னைவிட உன்னை நம்பினேன்." நிறுத்தினாள். "அது உனக்குத் தெரியாம நடந்தது. விடு. ஆனா அந்த ஆறு நாள் தெரிஞ்சு நடந்தது."

தங்கை வாயைத் திறந்தாள். அக்காதான் இந்த மாதிரி நேரத்தில் அவளுக்காக ஏதாவது சொல்வாள். இந்தத் தடவை சொல்லவில்லை. மகாராணி எழுந்திரிக்கிற நேரம், நீ கிளம்பு என்றாள். வாசல் வரை வந்து செருப்பு மாட்டும்வரை நின்றாள். மழை வரும் போல இருக்கு, பார்த்துப் போ என்றாள்.

மறுநாள் தங்கை மேலாளரிடம் சொன்னாள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். டெக்னிக்கல் பிரச்சனைதானே, யாருக்கும் வரும், எழுதிக் கொடுத்துடு என்றார். அந்த ஆறு நாளைப் பற்றியும் எழுதினாள். அந்தத் தாளை அவர் இரண்டு தடவை படித்துவிட்டு இழுப்பறையில் போட்டார். அதன்பிறகு நடையில் நின்று அவளிடம் எதுவும் சொல்வதில்லை. விஷயம் தெரிந்து விசில் சார் அன்றைக்கே அக்காவைப் போனில் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினாராம். கிழவன் குரல் தழுதழுத்துப் போச்சு, நான்தான் சமாதானம் பண்ணினேன் என்று அக்கா அத்தானிடம் சொன்னாள். தங்கைக்கு அத்தான்தான் சொன்னார்.

அடுத்த சீசனில் அக்கா திரும்பி வந்தாள். மகாராணி நடக்கத் தொடங்கிவிட்டதால் மைதானத்துக்கே போனாள். விசில் சாரின் பக்கத்து நாற்காலி, ஒரே மேசை, ஒரே பெட்டியில் இரண்டு மைக். நேயர்கள் பழையபடி எழுதினார்கள். வீட்டில் விசேஷம், உடம்புக்கு முடியாதது என்றால் அக்காவும் தங்கையும் முன்போலவே கூடினார்கள். குழந்தை இவள் மடியில்தான் சாப்பிட்டது. வெளியே இருந்து பார்க்கிற யாருக்கும் ஒன்றும் தெரியாது.

முதல் ஆட்டத்தன்று, தொடங்கப் பத்து நிமிடம் இருந்தபோது, தங்கை பொத்தானை அழுத்தி, லைன் நல்லா இருக்குக்கா, தெளிவா வருது என்றாள்.

"எண் என்ன?" என்று கேட்டாள் அக்கா.

"இருநூறு."

"ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பிடேன்."

சாதாரணமாகத்தான் கேட்டாள். பக்கத்தில் இருந்த விசில் சாருக்குக்கூட அது வேலையில் ஒரு பகுதி மாதிரிதான் கேட்டிருக்கும். தங்கை திரையைப் படம் எடுத்து அனுப்பினாள். அக்கா பார்த்துவிட்டாள் என்று போனில் அடையாளம் விழுந்தது. சரி என்று காதில் குரல் வந்தது. அடுத்த ஆட்டத்துக்கும் கேட்டாள். அதற்கடுத்ததற்கும்.

எட்டாவது ஆட்டத்தன்று தங்கை முந்திக்கொண்டாள். மத்தியானமே லைனைச் சோதித்து, எண் நன்றாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்பிவிட்டாள். கேட்காமலே செய்தது அக்காவுக்குப் பிடிக்கும் என்று ஏதோ ஒரு நப்பாசை. பதில் வரவில்லை. ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் பொத்தானை அழுத்தி, ரெடியா அக்கா என்றாள்.

"ஃபோட்டோ?"

"மத்தியானமே அனுப்பிட்டேன்க்கா."

"அது மத்தியானம் எடுத்தது," என்றாள் அக்கா. குரலில் குத்தல் எதுவும் இல்லை. "இப்ப எடுத்து அனுப்பு."

மைதானத்தில் கூட்டம் கத்துவது அவள் குரலுக்குப் பின்னால் கேட்டது. தங்கை போனை எடுத்துத் திரையின் முன்னால் பிடித்தாள். முதல் படம் கலங்கலாக வந்தது. இன்னொன்று எடுத்து அனுப்பினாள்.